மருத்துவர் சந்தேகத்தின்படி நடக்கலாம், ஊர் நடக்கலாகாது



புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை தொடங்குமுன் நோயாளியின் இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறதா என்று மருத்துவமனைகள் சோதித்துப் பார்க்கின்றன. பார்க்கத்தான் வேண்டும். ஆனால் கிருமியே இல்லாத சிலருக்கும் அச்சோதனை 'பாசிட்டிவ்' என்று வந்துவிடுவதுண்டு. பின்னர் விரிவான சோதனைகள் செய்து, முதலில் வந்தது தவறான முடிவு என்று மருத்துவர்கள் சொல்லிவிடுகிறார்கள். மருத்துவமனையைப் பொறுத்தவரை அத்துடன் அது முடிந்தது. ஊரைப் பொறுத்தவரை முடிவதில்லை. நாம் எழுத வந்தது அந்த முடியாத பகுதியைப் பற்றியே.

நம் பேரிகையிலிருந்து ஒருவர் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் பாகலூர் வழியாக ஓசூர், அங்கிருந்து அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூரு. பெரும்பாலும் கித்வாய் மருத்துவமனை. சிலர் வேலூர் சி.எம்.சி.க்கும், சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கும் செல்கின்றனர். சோதனை முடிவு ஆங்கிலத்தில் அச்சாகிறது. செவிலியர் அதைக் கன்னடத்தில் சொல்கிறார். உடன் சென்ற மைத்துனர் வீட்டுக்குத் தொலைபேசியில் உருதுவில் சொல்கிறார். மறுநாள் தேநீர்க்கடையில் அது தமிழிலும் தெலுங்கிலும் பேசப்படுகிறது. இத்தனை மொழிகளைக் கடந்து வரும்போது 'மீண்டும் சோதிக்க வேண்டும்' என்னும் பகுதி எங்கோ எல்லையிலேயே தங்கிவிடுகிறது. ஊருக்கு வந்து சேர்வது 'அவருக்குத் தொற்றுக் காமாலை' என்பது மட்டுமே.

பிறை தென்பட்டதாக ஒரு செய்தி வந்தால் யார் பார்த்தார், எங்கே பார்த்தார், எத்தனை பேர் பார்த்தனர் என்று நள்ளிரவு வரை விசாரிக்கும் சமுதாயம் நாம். சோதனைப் பட்டையில் தோன்றிய ஒரு மெல்லிய கோட்டை மட்டும் விசாரணையின்றி ஏற்றுக்கொள்கிறோம்.

இந்தச் சோதனை ஏன் செய்யப்படுகிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். ஹெபடைடிஸ் பி கிருமி உடலுக்குள் ஒருமுறை புகுந்துவிட்டால், நோய் குணமான பின்னரும் அதன் மரபுப்பொருள் கல்லீரல் செல்களுக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். உடலின் எதிர்ப்புச் சக்தி காவல் நிற்பதால் அது எழும்புவதில்லை. கீமோ மருந்துகள் அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. அப்போது உறங்கிய கிருமி விழித்தெழுந்து கல்லீரலைத் தாக்கும். புற்றுநோய் குறைந்துவரும் நேரத்தில் நோயாளி கல்லீரல் செயலிழந்து இறந்துபோகவும் கூடும். நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் ரிடுக்சிமாப் என்னும் மருந்தில் இந்த ஆபத்து மிகுதி. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2013-ஆம் ஆண்டில் அம்மருந்தின் விவரத்தாளில் இதற்காகவே கடுமையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கீமோ போன்ற மருந்துச் சிகிச்சை பெறவிருக்கும் அனைவருக்கும் மூன்று சோதனைகளைச் செய்யச் சொல்கிறது. அதற்காகச் சிகிச்சையைத் தாமதப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சகோதரர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

மூன்று சோதனைகளும் மூன்று வெவ்வேறு கேள்விகளைக் கேட்கின்றன. முதலாவது, கிருமியின் மேலுறைப் பொருள் இப்போது இரத்தத்தில் உள்ளதா என்று பார்ப்பது; ஹெச்.பி.எஸ்.ஏ.ஜி. என்று தாளில் எழுதியிருப்பது இதுதான். இரண்டாவது, கிருமியின் உட்பகுதிக்கு எதிராக உடல் எப்போதேனும் எதிர்ப்பொருளை உண்டாக்கியிருக்கிறதா என்பது. அதாவது கிருமி என்றேனும் வந்துபோன தடயம். மூன்றாவது, மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள். இது தடுப்பூசியாலும் வரும், நோய் வந்து குணமானதாலும் வரும். நம் மக்கள் இம்மூன்றையும் பிரித்தறிவதில்லை. மூன்றில் எதன் எதிரே 'பாசிட்டிவ்' என்று இருந்தாலும் அது நோய்தான் என்று கொள்கின்றனர். மூன்றாவது மட்டும் பாசிட்டிவ் என்றால் அது பெரும்பாலும் தடுப்பூசி பலித்திருப்பதற்கான நற்செய்தி என்பதைக்கூட அறியாமல் அழுத குடும்பத்தை நாம் கண்டிருக்கிறோம்.

இனி, கிருமி இல்லாதவருக்கு ஏன் பாசிட்டிவ் வருகிறது? காரணங்கள் பல. அவற்றில் சில புற்றுநோயாளிகளிடமே அதிகம் நேர்பவை.

இரத்தப் புற்றுநோயாளிக்கு இரத்தமும் பிளேட்லெட்டும் அடிக்கடி ஏற்றப்படுகின்றன. தானம் தந்தவருக்கு என்றோ ஹெபடைடிஸ் பி வந்து குணமாகியிருந்தால், அவருடைய எதிர்ப்பொருள் அந்த இரத்தத்தோடு நோயாளிக்குள் வந்துவிடும். கிருமி வருவதில்லை; கிருமியை எதிர்த்த பொருள் வருகிறது. இமியூனோகுளோபுலின் என்னும் மருந்து ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைச் சேர்த்துத் தயாரிக்கப்படுவது. எதிர்ப்புச் சக்தி குன்றிய நோயாளிகளுக்கு அதைச் சிரை வழியாகச் செலுத்துவர். அதற்குப் பின் இரண்டாவது சோதனையைச் செய்தால், தன் வாழ்நாளில் அந்தக் கிருமியைக் கண்டிராத ஒருவருக்கும் 'என்றோ வந்துபோயிருக்கிறது' என்றே தாள் சொல்லும். இரவல் வாங்கிய சால்வையைப் போர்த்தியவரை அதன் உரிமையாளர் என்று எண்ணுவதைப் போன்றது இது. அந்த இரவல் எதிர்ப்பொருள் வாரங்களில் தேய்ந்து, சில மாதங்களில் மறைந்துவிடும்.

தடுப்பூசியும் ஒரு காரணம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி என்பது கிருமியின் மேலுறைப் பொருளேதான்; உயிருள்ள கிருமி அதில் இல்லை. ஊசி போட்ட இரண்டு, மூன்று வாரங்களுக்குள் இரத்தம் எடுத்தால் முதலாவது சோதனை அந்த ஊசியின் பொருளைக் கண்டு பாசிட்டிவ் காட்டலாம். நோயாளிக்கு நல்லது செய்வதாக எண்ணி அவசரமாக ஊசி போட்டுவிட்டு மறுவாரம் சோதனைக்குச் செல்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இவை தவிர ஆய்வுக்கூடத்தில் நேர்பவையும் உண்டு. கீமோ ஏற்றும் குழாயிலிருந்தே இரத்தம் எடுக்கும்போது அதிலுள்ள ஹெப்பாரின் மருந்து கலந்துவிட்டால் இரத்தம் முழுமையாக உறையாமல் நார்த்துகள்கள் மிதக்கும். அவை கருவியைக் குழப்பும். மயலோமா என்னும் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் இரத்தத்தில் மிகுந்திருக்கும் புரதம் சில சோதனைகளில் குறுக்கிடும். எந்த நோயும் இல்லாதவர் உடலிலும் சோதனை வேதிப்பொருளோடு ஒட்டிக்கொள்ளும் சில எதிர்ப்பொருள்கள் இருப்பதுண்டு.

ஒரு சிறு கணக்கும் உண்டு. மத்ரஸாவில் பாகப்பிரிவினைக் கணக்குப் போடும் மாணவர்களுக்கு நாம் இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் திரட்டிய இரத்த மாதிரிகளை ஆராய்ந்தபோது, இந்தியாவில் மேலுறைப் பொருள் இருப்போர் நூற்றுக்கு 0.95 பேர் என்று கண்டறியப்பட்டது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்று கொள்வோம். ஆயிரம் பேரைச் சோதித்தால் உண்மையில் கிருமி உள்ளவர் பத்துப் பேர். சோதனை, கிருமி இல்லாதவரில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேரைச் சரியாக 'இல்லை' என்று சொல்வதாகவே வைத்துக்கொள்வோம். மீதி 990 பேரில் ஏறத்தாழ பத்துப் பேருக்கு அது தவறாகப் பாசிட்டிவ் காட்டும். ஆக, பாசிட்டிவ் தாளோடு நிற்கும் இருபது பேரில் பத்துப் பேர் நிரபராதிகள். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சரியான சோதனையிலேயே இப்படி. நல்ல கருவிகள் இதைவிடத் துல்லியமானவை. ஆயினும் முதல் சோதனையில் பிடிபட்டவரை மீண்டும் வேறொரு முறையில் சோதித்துப் பார்ப்பதே மருத்துவ ஒழுங்கு என்பதற்கு இக்கணக்கே போதுமானது. அதற்கென்று உறுதிப்படுத்தும் சோதனை இருக்கிறது. கிருமியின் மரபுப்பொருளையே எண்ணிப் பார்க்கும் வைரல் லோட் சோதனையும் இருக்கிறது.

இந்தக் கிருமியைக் கண்டுபிடித்த வரலாறே புற்றுநோயாளிகளைத் தவறாகப் படித்ததில் தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்க ஆய்வாளர் பரூக் புளூம்பர்க் 1960-களில், பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட நோயாளி ஒருவரின் இரத்தத்தோடு வினைபுரியும் ஒரு பொருளை ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில் கண்டார். அதற்கு ஆஸ்திரேலியா ஆன்டிஜென் என்று பெயர் வைத்தார். இரத்தப் புற்றுநோயாளிகள் பலரிடமும் அது இருந்தது. ஆகவே அது இரத்தப் புற்றுநோயோடு தொடர்புடையதோ என்று கருதினார். 1965-இல் வெளிவந்த கட்டுரையின் தலைப்பிலேயே இரத்தப் புற்றுநோய் இடம்பெற்றது. சில ஆண்டுகள் விடாமல் ஆராய்ந்த பின்னரே, அது ஹெபடைடிஸ் பி கிருமியின் மேலுறை என்பது தெளிவாயிற்று. அந்நோயாளிகளுக்கு அது புற்றுநோயால் வரவில்லை. ஏற்றப்பட்ட இரத்தத்தின் வழியே வந்திருந்தது. முதல் எண்ணத்தோடு நின்றுவிடாத அம்மனிதருக்கு 1976-இல் நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய பிறந்தநாளான ஜூலை 28-தான் இன்று உலக ஹெபடைடிஸ் தினம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி எழும். தவறான பாசிட்டிவ் இத்தனை வழிகளில் வருமென்றால், வந்ததைப் புறக்கணித்துவிட்டுப் போகலாமே? கூடவே கூடாது. ஏனெனில் பாசிட்டிவ் வந்தவர்களில் உண்மையாகவே கிருமி உள்ளவரும் இருக்கிறார். அவரை மருந்தின்றி விட்டால் நாம் மேலே சொன்ன கல்லீரல் ஆபத்து அவரைத் தேடி வரும். இரத்தம் ஏற்றிக்கொண்டவருக்கு உண்மையான தொற்றே வந்திருக்கவும் கூடும். எது பொய், எது மெய் என்று தீர்மானிப்பது நோயாளியின் அண்ணன் மகனுடைய வேலையன்று. கைப்பேசியில் தேடி எடுப்பதுமன்று.

ஆகவே மருத்துவர் என்ன செய்கிறார்? சந்தேகம் தீரும்வரை, ஆபத்து மிகுந்தவர்களுக்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையைப் பாதுகாப்புக்காகத் தொடங்கிவிட்டுக் கீமோவைத் தொடர்கிறார். தேவையில்லை என்று பின்னர் தெரிந்தால் நிறுத்துகிறார். கிருமி உண்டு என்று உறுதியானால், ரிடுக்சிமாப் போன்ற மருந்து பெற்றவருக்குச் சிகிச்சை முடிந்த பின்னும் குறைந்தது ஓராண்டு அம்மாத்திரை தொடரும். அது முன்னெச்சரிக்கை. மார்க்கச் சட்டத்தில் இஹ்தியாத் என்று நாம் சொல்வோமே, அதுதான்.

ஆனால் ஒரு மனிதரைப் பற்றிய தீர்ப்புக்கு மார்க்கம் வைத்திருக்கும் அளவுகோல் வேறு. உறுதியாக அறியப்பட்டதைச் சந்தேகம் நீக்காது என்பது நம் ஃபிக்ஹின் அடித்தளங்களில் ஒன்று. தொழுகையில் நிற்பவருக்கு உளூ முறிந்ததோ என்று ஐயம் எழுந்தால், முறிந்தது உறுதியாகும்வரை அவர் தொழுகையை விட்டு விலக வேண்டியதில்லை என்று நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் கற்றுத்தந்ததை முதலாமாண்டு மாணவரும் அறிவார். ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாவது வசனம், வந்த செய்தியை விசாரித்துத் தெளியும்படி பணிக்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரும் என்று அதற்குக் காரணமும் காட்டுகிறது. அதே அத்தியாயத்தின் பன்னிரண்டாவது வசனம் யூகத்தையும் துருவித் தேடுவதையும் புறம் பேசுவதையும் ஒருசேரத் தடுக்கிறது. மருத்துவர் சந்தேகத்தின்படி ஒரு மாத்திரை கொடுக்கலாம். அதனால் யாருடைய மானமும் போவதில்லை. ஊர் அதே சந்தேகத்தின்படி நடந்தால் ஒரு மகளின் நிக்காஹ் நின்றுபோகிறது.

மிகைப்படுத்திச் சொல்லவில்லை. ஒரு தாய்க்குச் சிகிச்சையின் நடுவே வந்த பாசிட்டிவ் தாளைக் காரணம் காட்டி அவருடைய மகளைப் பெண் கேட்டு வந்தவர்கள் விலகியதை நாம் அறிவோம். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாய்க்குக் கிருமி இல்லை என்று வைரல் லோட் சோதனை சொல்லிற்று. விலகியவர்களிடம் அதைச் சொல்ல எவரும் செல்லவில்லை. கெட்ட செய்தியைச் சுமந்து செல்லப் பத்துப் பேர். அதைத் திருத்திச் சொல்ல ஒருவருமில்லை.

இந்தப் பயத்துக்கு வேறொரு வேரும் உண்டு. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்வோருக்கான மருத்துவச் சோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்றால் 'தகுதியற்றவர்' என்று திருப்பிவிடுவர். ஆகவே நம் இளைஞர்களின் செவியில் இந்தச் சொல் நோயின் பெயராக ஒலிப்பதில்லை. பிழைப்பு போயிற்று என்பதன் பெயராகவே ஒலிக்கிறது.

இன்னொரு தவறு இதைவிட ஆபத்தானது. பாசிட்டிவ் என்றதும் 'முதலில் காமாலையைச் சரி செய்துகொண்டு பிறகு கீமோவுக்குப் போகலாம்' என்று பச்சிலை மருந்து தேடிப் புறப்படுவது. பத்தியம் இருக்கச் சொல்லி, உப்பையும் எண்ணெயையும் நிறுத்தி, கீமோவால் ஏற்கெனவே மெலிந்த உடலை மேலும் மெலிவிப்பர். மருந்தில் என்ன இலை, எத்தனை அளவு என்பதும் தெரியாது. சில மூலிகைகளே கல்லீரலைப் புண்படுத்தும். போன வாரங்கள் திரும்பி வரமாட்டா; கட்டி அதற்குள் வளர்ந்துவிடும். வராத காமாலைக்கு மருந்துண்டு, வந்த புற்றுநோயை வளரவிடுவதை தவக்குல் என்று சொல்லாதீர்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன மார்க்கம் இது.

குடும்பத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு, செலவில்லாதது. ஒரு சிறிய குறிப்பேட்டில் தேதிகளை எழுதிவையுங்கள்: எந்த நாளில் இரத்தம் ஏற்றினார்கள், எந்த நாளில் பிளேட்லெட், எப்போது இமியூனோகுளோபுலின், எப்போது தடுப்பூசி. ஓசூரில் ஒரு மருத்துவமனை, பெங்களூரில் ஒன்று, அவசரத்துக்கு ஊரில் ஒன்று என்று அலையும் நம்மவர்களின் விவரம் ஓரிடத்தில் சேர்ந்திருப்பதில்லை. மருத்துவர் கேட்காவிட்டாலும் அந்தத் தேதிகளை நீங்கள் சொல்லுங்கள். முதல் யூனிட் இரத்தம் ஏற்றுமுன்னரே மூன்று சோதனைகளையும் செய்ய முடியுமா என்று கேளுங்கள். அந்த முதல் தாள் தெளிவாக இருந்தால், பின்னர் வருவது இரவல் எதிர்ப்பொருளா, உண்மையான தடயமா என்று மருத்துவர் எளிதில் பிரித்தறிவார். பழைய தாள்களை எறிந்துவிடாதீர்கள். வைரல் லோட் சோதனைக்குத் தனியாரிடம் பெருந்தொகை கேட்டால் கலங்க வேண்டாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கப்பட்ட தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசமாகத் தரப்படுகின்றன. எங்கே என்பதை மாவட்ட அரசு மருத்துவமனையில் விசாரித்து அறியலாம்.

பள்ளிவாசல் நிர்வாகத்தாருக்கும் நாம் சொல்ல விரும்புவது உண்டு. சிகிச்சைக்கு உதவித்தொகை கேட்டு வருபவரின் மருத்துவத் தாள்கள் ஜமாஅத் அலுவலகத்துக்கு வருகின்றன. அவை அமானிதம். மேசைமீது விரித்து நாலுபேர் படிக்கும் பொருளன்று. உதவி வேண்டி வாட்ஸ்அப் குழுவில் அந்தத் தாளைப் படமெடுத்துப் போடும் வழக்கத்தை நிறுத்துங்கள். பெயர், வயது, சோதனை முடிவு எல்லாம் அதில் இருக்கின்றன. செலவு மதிப்பீட்டுச் சீட்டும் நிர்வாகத்தின் ஒரு வரியும் போதும். கொடுக்கும் மனமுடையவர் அதற்குமேல் கேட்கமாட்டார்.

சென்ற ரமளானுக்கு முன் ஒரு சகோதரி மத்ரஸாவுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டார். கணவருக்கு முதல் சோதனை பாசிட்டிவ். இரண்டாவது சோதனை முடிவு வரவில்லை. அவர் குடும்பத்தாருடன் ஒரே தஸ்தர்க்கானில் அமர்ந்து, ஒரே தட்டில் இஃப்தார் செய்யலாமா? மாமியார் தனித்தட்டு வாங்கி வைத்துவிட்டாராம். மருத்துவரிடமும் கேட்டுக்கொண்ட பின் நாம் சொன்னது இதுதான்: இரண்டாவது முடிவு எப்படி வந்தாலும் அமரலாம். இக்கிருமி உணவாலும் தட்டாலும் தண்ணீர்க் குவளையாலும் முஸாஃபஹாவாலும் பரவுவதில்லை. இரத்தத்தாலும், தாம்பத்தியத்தாலும், தாயிடமிருந்து பிரசவத்தில் குழந்தைக்கும் பரவும். ஆகவே சவரக் கத்தியும் பல்துலக்கியும் தனியாக இருக்கட்டும். ஹிஜாமா செய்பவரிடம் புதிய பிளேடு கேட்டு வாங்குங்கள். இது அவருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும். முடிவு உறுதியானால் மனைவியும் பிள்ளைகளும் சோதித்துக்கொண்டு தடுப்பூசி போட்டுக்கொள்ளட்டும். 2011-க்குப் பின் பிறந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் அதைக் குழந்தைப் பருவத்திலேயே அரசு ஊசியில் பெற்றிருப்பர்.

அதே சகோதரி தயங்கித் தயங்கி இன்னொன்றையும் கேட்டார். 'அவருக்கு ஏதேனும் ஆகிவிட்டால், குளிப்பாட்டப் பயப்படுவார்களா?' பயப்பட வேண்டியதில்லை என்றோம். குளிப்பாட்டுவோர் கையுறையும், தண்ணீர் உட்புகாத மேலாடையும் அணிந்து, காயங்களை மூடிவிட்டுக் குளிப்பாட்டினால் போதும். ஆனால் பாசிட்டிவ் என்று கேள்விப்பட்ட ஜனாஸாவுக்கு மட்டும் கையுறை அணிந்தால், அந்தக் கையுறையே ஊருக்கு அறிவிப்பாகிவிடும். யாருடைய இரத்தத்தில் என்ன இருக்கிறது என்பது பெரும்பாலும் அவருக்கே தெரியாது. எனவே எல்லா ஜனாஸாவுக்கும் கையுறை என்று நிர்வாகத்திடம் சொன்னோம். இப்போது கஃபன் துணி வைத்திருக்கும் அலமாரியில் ஒரு பெட்டி இருக்கிறது. தீர்ந்ததும் முஅத்தின் புதிதாக வாங்கி வைக்கிறார்.